அறுபத்திரண்டாவது புளியங்கொட்டை

ஜாஹிதா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஒரு சொம்பு தண்ணீரை வாங்கி, அண்ணாந்து குடித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். குடிசைவாசிகள் நீட்டும் சொம்பைக் கையில் வாங்கவே யோசிக்கிற அதிகாரிகளை அந்த ஜனங்கள் நிறையப் பார்த்திருந்தார்கள். அதனால் அந்தச் சொம்புத் தண்ணீரிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் ஒரு வருஷம் ஆகும்.

நான் சென்னகேசவன். அவர் இருந்த அதே தொண்டு நிறுவனத்தில் ஓவர்சியர். கட்டடம் என் பொறுப்பு, மனிதர்கள் அவர் பொறுப்பு. செங்கல்லை வைத்த இடத்தில் வைத்தால் அது அங்கேயே இருக்கும். மனிதர்கள் அப்படி இல்லை. அவருடைய வேலைக்குச் 'சமூக அமைப்பாளர்' என்று பெயர். வீடில்லாதவர்களிடம் போய், "வீடு கட்டித் தருகிறோம், எங்களை நம்புங்கள்" என்று சொல்வதுதான் அந்த வேலை. அவருக்கு முன்பே நாலு கட்சிக்காரர்கள் வந்து அதையே மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் மேல் இருக்கிற கோபமெல்லாம் கையில் நோட்டுடன் தனியாக வருகிற இந்த அம்மாள் மேல்தான் விடியும்.

ஜாஹிதா பிறந்தது கோட்டைமேட்டில். அத்தா பூட்டு ரிப்பேர்காரர். பத்தாவது முடித்து, பால்வாடியில் சில வருஷம் வேலை பார்த்து, பிறகு எங்கள் நிறுவனத்துக்கு வந்தவர். கணவர் அப்துல் மஜீத் உக்கடத்தில் தகரப்பெட்டி செய்து விற்றார். "ஊருக்கெல்லாம் ஊடு கட்டறா, நம்மளுது வாடகை ஊடு" என்று அவர் கேலி செய்வார். ஜாஹிதாவும் சிரித்துக்கொள்வார். நான் பார்த்த காலத்தில் அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நடை மட்டும் அறுபது வயதுக்காரியின் நடை. குதிகாலில் ஆணி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்குவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் சங்கிலிக்குட்டையின் கரை உடைந்தது. கரையை ஒட்டி இருந்த குடிசைகள் அத்தனையும் போயின. மில்லில் குப்பை கூட்டுகிறவர்கள், பவுண்டரியில் மண் சுமக்கிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கீரை விற்கிறவர்கள் என்று எல்லோரும் ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி குட்டைக்கே வந்து, அவரவர் பழைய இடத்தில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரசாங்கம் இரண்டு மைல் தள்ளி ஒரு கல்லுக்காட்டை ஒதுக்கியது. வீடு கட்டப் பணம் எங்கள் நிறுவனம் வெளியிலிருந்து வாங்கிவந்தது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: புது வீட்டுக்குக் குடிபோனதும் குட்டைக்கரை சுத்தமாகக் காலியாக வேண்டும், பிறகு யாரும் அங்கே ஒரு குச்சிகூட நடக்கூடாது. ஆகவே பட்டியலில் பேர் இருந்தால் ஒரு வீடு. இல்லாவிட்டால் இருக்கிற பிளாஸ்டிக் தாளும் போய்விடும்.

பட்டியல் போடுவதற்கு ஜாஹிதா ஒரு வழி வைத்திருந்தார். பெருந்துறையில் நடந்த பயிற்சி முகாமில் கற்றுவந்தது. அதிகாரி நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால் ஜனங்கள் பயந்து ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். அவர்களையே தங்கள் ஊரைத் தரையில் வரையச் சொன்னால் உண்மை தானாக வரும் என்பது அதன் தத்துவம். அப்போது மார்கழி. எல்லார் கையிலும் கோலப்பொடி இருந்தது. குட்டைமேட்டில் ஒரு பெரிய களத்தைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நாற்பது பெண்கள் குனிந்து நின்று ஊரை வரைந்தார்கள். சந்துகளுக்கு வெள்ளைக் கோடு, வேப்பமரத்துக்கு ஒரு கொத்து இலை, குழாய்க்கு ஒரு கல். வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் கோலம், அதன் நடுவில் ஒரு புளியங்கொட்டை. "அடியே, என்ற ஊட்டை எதுக்குடி சாக்கடைல வெச்சிருக்கறே?" என்று ஒருத்தி கத்த, "அங்கதானே இருக்குது!" என்று இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. வெள்ளம் வந்த பிறகு அந்த ஜனங்கள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஏணி மேல் ஏறி ஆபீஸ் கேமராவில் ஒரு படம் எடுத்தேன். கொட்டைகளை எண்ணினேன். அறுபத்தொன்று. ஒவ்வொரு கொட்டைக்கும் யார் வீடு என்று கேட்டு ஜாஹிதா பேர் எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "ஏனுங்ணா, நாளைக்கு ஒருக்கா வாசல் வாசலாப் போயிச் சரி பாத்துட்டு வந்தர்லாமுங்களா?"

எனக்கு மறுநாள் மணல் லாரி வர வேண்டியிருந்தது. அவருக்கோ கால் வீங்கியிருந்தது. "அவங்க ஊரை அவங்களே வரைஞ்சாங்க. புளியங்கொட்டை பொய் சொல்லாதுங்க" என்றேன். பெரிய பழமொழி சொன்னதுபோல் எனக்கே ஒரு பெருமை. அவர் குதிகாலைப் பார்த்தார், சரி என்றார். அந்தச் சரியில் பாதி என்னுடையது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறெங்கும் அது எழுதப்படவில்லை.

தை பிறந்ததும் பட்டியல் அச்சாகி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. அறுபத்தொரு வீடு, நான்கு வரிசை. மூன்று வரிசையில் பதினைந்து பதினைந்து, கடைசியில் பதினாறு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஜாஹிதா சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு. பட்டியல் ஒட்டிய மூன்றாம் நாள், நாங்கள் இருவரும் குட்டைமேட்டில் நின்றிருந்தபோது, கீரைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து சற்றுத் தள்ளி நின்றார். ஐம்பது வயது இருக்கும். ரங்கம்மாள் என்று பேர். அங்கே ஜாஹிதாவை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தப்பா நினைச்சுக்காதீங் டீச்சர். மத்தவங்க பேரெல்லாம் இருக்குதுங்களாமா. என்ற பேரு மட்டும் உட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க."

கோபமே இல்லை. சாமானை மறந்துவிட்டுப் போன விருந்தாளியிடம் நினைவூட்டுவதுபோல் சொன்னார். ஜாஹிதா நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னுமாக இரண்டு தடவை. இல்லை.

"உங்க ஊடு எதுங்க அம்மணி?"

"மாரியாத்தா ஊட்டுக்கும் கொழாய்க்கும் நடுப்பறங்க. ஊட்டுக்காரரு கார்த்திகைல தவறிட்டாருங்க. வெள்ளத்துல நின்னு நின்னு காய்ச்சல் கண்டுபோச்சு."

ஜாஹிதா நேராக மாரியாத்தாள் வீட்டுக்குப் போனார். மாரியாத்தாள் குட்டைமேட்டுப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. பவுண்டரியில் ஆண்களுக்குச் சமமாக மண் சுமக்கிறவள். அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை ஜாஹிதா. "ரங்கம்மாக்கா ஊட்டை ஏன் வரையல?" என்றுதான் கேட்டார்.

மாரியாத்தாள் விழித்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"எழவு உழுந்த ஊடுங்களே டீச்சர். வருசம் திரும்பாம அதுக்கு எப்படீங்க கோலம் போடறது? பொடி தூவப்படாதுன்னு அந்த எடத்தை அப்படியே உட்டோமுங்க. நீங்க நோட்டுல தனியா எழுதிருப்பீங்கன்னு நினைச்சோம்."

குட்டைமேட்டுக்காரர்களின் வழக்கம் அது. சாவு விழுந்த வாசலில் ஒரு வருஷத்துக்குக் கோலம் கிடையாது. அந்த வீட்டுக்காரி மட்டுமல்ல, வேறு எவளும் அந்த வீட்டுக்கென்று பொடியைக் கையில் எடுக்கமாட்டாள். அவர்கள் யாரையும் ஒதுக்கவில்லை. மரியாதை செய்திருக்கிறார்கள்! கோலம் இல்லாத இடத்தில் கொட்டை இல்லை, கொட்டை இல்லாத இடத்தில் பேர் இல்லை. மரியாதை நோட்டுக்குள் வந்ததும் அநியாயமாகிவிட்டது.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஜாஹிதா சொன்னார். "என்ற வாசல்ல கோலம் கெடையாதுங்ணா. ஆனா பொறந்ததுல இருந்து பக்கத்து ஊட்டுக் கோலத்தைத் தாண்டித் தாண்டித்தான் பள்ளிக்கோடம் போனேன். எந்த வாசல்ல கோலம் இல்லைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சிருந்துமே ரோசனை போகலயே." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அதற்குக்கூட அலுப்பு என்பதுபோல் நின்றார். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் திட்ட அதிகாரி லட்சுமணசாமியிடம் போனோம். சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். சட்டம் பேசுகிறவர், ஆனால் கல்நெஞ்சுக்காரர் அல்ல. "அங்க ஊடு இருந்ததுக்கு என்னங்க ஆதாரம்?" என்றார். ரங்கம்மாளின் ரேஷன் கார்டு குட்டைத் தண்ணீரோடு போயிருந்தது. இன்று வருகிறவரைச் சேர்த்தால் நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை.

ஜாஹிதா நான் ஏணி மேலிருந்து எடுத்த படத்தை மேசைமேல் வைத்தார். களம் நிறையக் கோலம். வரிசை வரிசையாகக் கொட்டை. மாரியாத்தாள் வீட்டுக் கோலத்துக்கும் குழாய்க் கல்லுக்கும் நடுவில் மட்டும் சரியாக ஒரு வீட்டு அகலத்துக்கு வெறும் தரை. தண்ணீர் தெளித்திருக்கிறது, பொடி இல்லை. இரண்டு பக்கத்துக் கோடுகளும் அந்த இடத்தைத் தொடாமல் விலகிப் போயிருந்தன.

லட்சுமணசாமி படத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த ஊட்டுல யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

ஆதாரப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. அதற்கப்புறம்தான் பெரிய பிரச்சினை. "கல்லு, சிமெண்டு எப்படியாவது ஒப்பேத்தலாம். நெலத்துக்கு எங்கீங்க போறது?" என்றார். அளந்து கொடுத்த நிலம். ஒரு விரல் கூட்ட முடியாது. மாரியாத்தாள் வீடு வருகிற மூன்றாம் வரிசையின் நீளம் நூற்றெண்பது அடி. பதினைந்து வீடு, வீட்டுக்குப் பன்னிரண்டு அடி அகலம். பதினாறாவது வீடு நுழைய வேண்டுமானால் ஒவ்வொரு வீடும் முக்கால் அடி விட்டுக்கொடுக்க வேண்டும். "பதினஞ்சு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வெச்சுக் குடுக்கோணும். ஒருத்தர் கொறைஞ்சாலும் ஆகாது. பங்குனில அந்த வரிசைக்கு அஸ்திவாரம் தோண்டறோம். அதுக்குள்ள முடிச்சுப் போடுங்க."

சாமி வரம் கொடுத்துவிட்டது. இனிப் பதினைந்து பூசாரிகள்!

எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசுவார்கள். அவர்கள் இங்கே ஒரு கையெழுத்து வாங்கிப் பார்த்ததில்லை. மூன்றாம் வரிசைக்காரர்களில் ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. "ஆகட்டுங் டீச்சர், ஊட்டுக்காரரைக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க." "அதுக்கென்னுங்க, மாரியாத்தா வெச்சா நாங்களும் வெச்சர்றமுங்க." "பொழுதோட வாங்க, எம்பையன் இருப்பானுங்க." பொழுது சாயப் போனால் பையன் இருக்கமாட்டான். எல்லார் வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் டீ போட்டார்கள். "உக்காருங் டீச்சர், கால் வலிக்குமில்லீங்" என்று பலகை எடுத்துப் போட்டார்கள். தாளை நீட்டினால் மட்டும் கை ஈரமாக இருந்தது, அல்லது மாவாக இருந்தது.

தை முழுக்க நடந்தார். மாசி முழுக்க நடந்தார். மில் ஷிப்டு விடுகிற நேரம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை என்று நேரம் பார்த்து நடந்தார். ஒரு கைநாட்டும் விழவில்லை. ரங்கம்மாள் தினமும் கீரைக்கூடையுடன் அந்தப் பக்கமாகப் போவார். கேட்கமாட்டார், நின்று பார்ப்பார், அவ்வளவுதான். கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ஜாஹிதா சொன்னார். ஒரு நாள் ஆபீஸ் படியில் உட்கார்ந்து, "முடியலீங்ணா. கால் மட்டுமில்ல, நெஞ்சே அலுத்துப்போச்சு" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மறுபடி போய்விட்டார்.

பங்குனி பிறக்கச் சில நாள் இருக்கும்போது என்னிடம் வந்து, "சுண்ணாம்பும் கயிறும் எடுத்துக்குங்ணா" என்றார். கல்லுக்காட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். ஒன்று பன்னிரண்டு அடி. இன்னொன்று பதினொன்றேகால். எது எதென்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து குடும்பத்தையும் வரச்சொல்லி, ஒரு கயிற்றுக்கட்டிலையும் கொண்டுவரச் சொன்னார். "ரெண்டுலயும் போயிப் படுத்துப் பாருங்க. அடுப்பு எங்க, பொட்டி எங்கன்னு வெச்சுப் பாருங்க. எது பெருசுன்னு சொல்லுங்க."

ஜனங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. கட்டிலை இங்கே போட்டார்கள், அங்கே போட்டார்கள். ஒருவர் படுத்துக் குறட்டை விடுவதுபோல் நடித்தார். மாரியாத்தாள் இரண்டு வீட்டிலும் அடியளந்து நடந்துவிட்டு, வேப்பமர நிழல் விழுந்திருந்த கோட்டுக்குள் நின்றுகொண்டு, "இதுதானுங் பெருசு. சந்தேகமே இல்ல" என்றாள். ஒன்பது பேர் அவள் கட்சி.

அது பதினொன்றேகால்.

நான் டேப்பைப் பிடித்து அளந்து காட்டியதும் சிரிப்பு நின்றது. மாரியாத்தாளின் முகம் சிவந்துவிட்டது. "எங்களைப் பைத்தியக்காரியாக்கறதுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா டீச்சர்?" என்று கத்தினாள். ஜாஹிதாவுக்கும் அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு மாத அலுப்பும் குரலில் ஏறிக்கொண்டது.

"முக்கால் அடி உங்க கண்ணுக்கே தெரியலீங்களே! அப்பறம் எதுக்கு என்னை இத்தனை நாள் நடக்க உட்டீங்க? அந்தம்மா பக்கத்துல இருவது வருசம் இருந்தீங்கல்ல? முடியாதுன்னாவது மூஞ்சிக்கு நேராச் சொல்லிருக்கலாமில்ல?"

மாரியாத்தாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முக்கால் அடிக்கு இல்லீங் டீச்சர். கையெழுத்து வெச்சா, 'உட்டது நாங்கதான், இப்பச் சேத்துக்கறோம்'னு ஆயிருமில்லீங். ரங்கம்மாக்கா மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கறது? நாங்க வேணும்னு உடலீங்க. அதை எப்படி எழுதறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் நாங்கள் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்களோ குற்றப்பத்திரிகையில் கைநாட்டு வைக்கச் சொல்வதாக நினைத்துப் பயந்திருக்கிறார்கள்.

ஜாஹிதா தாளை என்னிடமிருந்து வாங்கினார். கட்டிலில் மாரியாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, கையெழுத்துக்கான இடத்துக்கு மேலே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். "பட்டியலில் ரங்கம்மாள் என்பவரின் வீடு விடுபட்டது என்னுடைய தவறு. நேரில் சென்று சரிபார்க்காமல் நான் கையெழுத்திட்டேன். இதில் ஊர் மக்களுக்குப் பொறுப்பு இல்லை. இப்படிக்கு ஜாஹிதா, சமூக அமைப்பாளர்."

நான் அவர் காதருகே, "இது பைலுக்குப் போகும்மா. உங்க வேலைக்கு உலை வெச்சுப்போடும்" என்றேன். என் பேரையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் அதுதான், மறைப்பானேன்.

"நெசந்தானுங்ணா" என்றார். மை அட்டையைத் திறந்தார். முதல் கைநாட்டு மாரியாத்தாளுடையது. அரை மணி நேரத்தில் பதினைந்தும் விழுந்தன.

அஸ்திவாரம் தோண்டினோம். பதினாறு வீடு. சித்திரை வெயிலில் சுவர் எழுந்தது, ஆடியில் ஓடு ஏறியது. தொண்ணூற்று நான்கு ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் குடியேற்றம் வைத்தார்கள். ரங்கம்மாளுக்கு வருஷம் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. "நான் சும்மா சட்டியும் பானையும் எடுத்துட்டு வந்தர்றனுங். சடங்கெல்லாம் வேண்டாமுங்க" என்றார்.

மெட்ராஸிலிருந்து பணம் கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் வருவதாக ஏற்பாடு. ஜாஹிதா ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். "மாவிலை கட்டுங்க. வாசல் நெறையக் கோலம் போடுங்க. வர்றவங்க பாத்து அசந்து போகோணும்." எல்லோரும் சொன்னார்கள், "ஆகட்டுங் டீச்சர்."

காலை எட்டு மணிக்கு ஜீப்பில் போய் இறங்கினோம். நான்கு வரிசை வீடும் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றன. வாசலெல்லாம் கூட்டிச் சாணி தெளித்த ஈரம் காயாமல் இருந்தது. ஆனால் ஒரு கோலம் இல்லை. முதல் வரிசையில் இல்லை, இரண்டாம் வரிசையில் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. எழவு ஊர் மாதிரி இருந்தது. பிரதிநிதியாக வந்த மெட்ராஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வீடெல்லாம் காலியா? யாரும் குடி வரலையா?" என்று கேட்டார். லட்சுமணசாமி அவசரமாக ஒவ்வொரு கதவாகத் தட்டித் திறந்து காட்டினார். உள்ளே அடுப்பு எரிந்தது, பால் பொங்கியது. மெட்ராஸ் அம்மாள் ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டு போனார். பேச்சு இருந்தது, கேசரி இருந்தது, பத்து மணிக்கு ஜீப் கிளம்பிவிட்டது. ஏறும்போது அவர், "இவ்வளவு செஞ்சிருக்கோம், ஒரு உற்சாகமே இல்லையே" என்றார். ஜாஹிதா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அவர் நேராக மூன்றாம் வரிசைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். மாரியாத்தாள் புது வாசலில் நின்றிருந்தாள். ஜாஹிதா அவள் முன்னால் போய் நின்றார்.

"என்ன கோவமுங்க எம்மேல? ஒரு வருசம் நடந்தேன். ஒரு கோலம் கேட்டேன். அதுகூட உங்களுக்கு ஆகலீங்களா?"

மாரியாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவமா? நல்லாக் கேட்டீங்க போங்க! புது ஊட்டுல கோலமில்லாம பால் காச்சறதான்னு எம்மாமியா இன்னைக்கு விடியாலருந்து என்னை வையறா. மனசு பொறுக்காம எத்தனை பேரு பொடியை எடுத்துட்டு வந்து திலும்ப உள்ள கொண்டுபோயி வெச்சாங்க தெரியுங்களா?"

"அப்பறம் ஏனுங்க?"

"ரங்கம்மாக்கா வாசல்ல கோலம் போட முடியாதில்லீங் டீச்சர். எல்லா வாசல்லயும் இருந்து, அது ஒண்ணுல மட்டும் இல்லீன்னா, வர்றவங்க காலி ஊடுன்னு நினைச்சுத் தாண்டிப் போயிருவாங்க. மறுக்காவும் அறுபத்தொண்ணுன்னு எழுதிப்போட்டாங்கன்னா?"

அடுத்த வாசலில் ரங்கம்மாள் நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஜாஹிதா அப்படியே அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க அம்மணி" என்றார். அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே தாகம்.

நான்கு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து அறிக்கை வந்தது. வழவழப்பான அட்டை, நாற்பது பக்கம். கூடவே ஒரு கடிதம்: பயனாளிகள் பட்டியலில் தவறு நேர்ந்ததை அமைப்பாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதாலும், குடியேற்ற நாளில் மக்களிடம் போதிய ஆர்வம் காணப்படாததாலும், அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. எனக்கு இரத்தம் தலைக்கேறியது. அறிக்கையை மேசையில் அறைந்தேன். "இவங்களுக்கு எழுதிப் போடறேன், நடந்தது என்னன்னு. என்ற பேரையும் சேத்தி!" என்று கத்தினேன். ஒரு வருஷம் தாமதமாக வந்த வீரம்.

ஜாஹிதா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு அறிக்கையை எடுத்து நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, விரலை வைத்து, என் பக்கமாகத் திருப்பினார். 'குடியேறிய வீடுகள்: 62.'

"சரியாத்தானுங்ணா எண்ணியிருக்காங்க" என்றார்.